வழியோரச் சிறுகோயிலும் கட்டுவோன் கடப்பாடும்

வீடு, தன்னை எடுப்பித்தோன் உறைதற்பொருட்டு எடுக்கப்படுவது. அங்காடி, கொள்வோரையும் கொடுப்போரையும் நோக்கி எடுக்கப்படுவது. ஊர் நடுவண் நிற்கும் பெருங்கோயில், அவ்வூரார் அனைவரும் கூடி வழிபடுதற்பொருட்டு எடுக்கப்படுவது. இவை யெல்லாவற்றிலும் கட்டுவோன், தான் யாருக்காகக் கட்டுகின்றான் என்பதனை ஒருவாறு அறிவான். ஊர்க்குப் புறத்தே, வயலும் காடும் சூழ்ந்த வெட்டவெளியில், வழியின் ஓரத்தே ஒருவன் ஒரு சிறு வழிபாட்டிடம் அமைப்பானாயின், அஃது யாருக்கென அவனுக்கே தெரியாது. வருவோன் அடியவனாதலும் கூடும், ஐயுறவுடையோனாதலும் கூடும், மழைக்கு ஒதுங்குவோனாதலும், அன்று விடியலில் தாயை இழந்து கால்போன வழியே நடப்போனாதலும் கூடும். இங்ஙனம் முகமறியா ஒருவனுக்கு இறைவன் பெயரால் இடம் வகுப்போன் எதனைச் செய்தல் வேண்டும், எதனைச் செய்யாதொழிதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

இவ்வாராய்ச்சிக்குப் பொருந்திய எடுத்துக்காட்டொன்று செருமனி நாட்டில் உளது. அந்நாட்டின் தென்பகுதியாகிய பவேரியாவில், தன்யூபு ஆற்றின் பள்ளத்தாக்கிலும் அதனை யடுத்த நிலங்களிலும், வயல்களினூடும் காடுகளினூடும் மிதிவண்டி செலுத்துவோர்க்கு வழிகள் பல உள்ளன. அவ்வட்டாரத்தில் மரத்தொழிலாற் பொருளீட்டிய ஒருவரும் அவர் துணைவியாரும் நிறுவிய அறக்கட்டளை, அவ்வழிகளின் ஓரத்தே ஏழு சிறுகோயில்களை 2018-ஆம் ஆண்டும் அதனை யடுத்த சில ஆண்டுகளிலுமாக எடுப்பித்தது. கிறித்தவர் 'சாப்பல்' என வழங்கும் சிறு வழிபாட்டிடங்கள் அவை. ஏழும் மரத்தால் ஆயவை. ஏழினையும் கட்டடக் கலைஞர் எழுவர் தனித்தனியே திட்டஞ் செய்தனர். அவ்வெழுவருள் ஒருவராகிய ஆலென் யாசாரெவிச்சு என்பார், அதே பவேரியாவில் பென்சுபெர்க்கு என்னும் ஊரில் 2005-இல் எழுந்த பள்ளிவாசலை வடிவமைத்தவர். ஒரு சமயத்தார்க்குத் தொழுமிடம் வகுத்த கை மற்றொரு சமயத்தார்க்கும் வகுத்தது. பிறனுடைய வழிபாட்டினைத் தன் நெஞ்சில் வாங்கி நிற்கும் ஆற்றல் இவ்வகைக் கோயில் அமைப்போனுக்கு இன்றியமையாதது என்பதற்கு இஃதொரு குறிப்பாம்.

எழுவருள் மற்றொருவர் ஆங்கில நாட்டவராகிய ஜான் பாசன். மிகையான அணிகளைக் களைந்து எளிமையையே அழகாக நிறுத்துதலிற் பெயர் பெற்றவர். அவர் அமைத்த கோயில் உண்டர்லீட்சைம் என்னும் சிற்றூர்க்கு அணித்தே, காட்டின் ஓரத்தில் 2018-இல் நிறைவெய்தியது. டக்ளசு பிர் என்னும் ஊசியிலை மரத்தின் அடிமரங்கள் 61 கொண்டு, அவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கியமைத்தது அக்கோயில். தொலைவில் நின்று காண்போர்க்கு அது கோயிலாகவே தோன்றாது. காட்டில் வெட்டிய மரங்களை உலர்த்துதற்கு அடுக்கி வைத்த குவியலென்றே தோன்றும். அணுகிய வழியே அது கான்கிரீட்டு மேடையொன்றின்மேல் அளவறிந்து நிறுத்திய கட்டடம் என்பது புலனாம். வாயில் காட்டினை நோக்கிய பக்கத்தில் ஒடுக்கமாக உளது. புகுவோன் தோளுக்கு அருகே மரத்தின் பருமை தோன்றுமாறு அமைந்தது. உள்ளே, சுவர்களின் உச்சியில் நீள ஓடும் திறப்புக்களின் வழியே மெல்லொளி இறங்கும். ஒரு கோடியில் வண்ணக் கண்ணாடியாலாய சிலுவை சுவரினுட் பதிந்து நிற்கும். பக்கச் சுவரில் கண்ணாடியில்லாத சாளரம் ஒன்றே உண்டு. அதன் வழியே நோக்கின், விரிந்த நிலமும் அதன் நடுவே உண்டர்லீட்சைம் ஊர்க் கோயிலும் தோன்றும்.

இதன்மேல் எழும் தடைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வாம்.

எங்கும் நிறைந்த இறைவனுக்கு வெட்டவெளியிற் சுவர் எற்றுக்கு என்பது முதற்றடை. வானும் மண்ணும் காடும் அவன் நிறைந்த இடமே யாதலின், அவற்றினின்றும் சிறிதிடத்தை மரத்தால் அடைத்தல், கடலினின்றும் ஒரு குடம் நீரை முகந்து கடலுக்கே படைத்தலை ஒக்குமன்றோ எனின், கூறுதும். அடைப்பது இறைவன்பொருட் டன்று, உயிரின்பொருட்டு. இறைவன் எங்குமுளன் என்பது உண்மை. உயிரின் நோக்கு ஒரு காலத்து ஓரிடத்தன்றி நில்லாது என்பதும் உண்மை. வெட்டவெளியில் நிற்போன் கண் பல திசையும் பரந்து ஒன்றிலும் நிலைபெறாது மீளும். அவனே நான்கு சுவர்க்கு நடுவண் சிறுபோழ்து இருந்து, அவற்றுள் ஒன்றிலமைந்த திறப்பின் வழியே நோக்குவானாயின், முன்னர்க் கண்டும் காணாதிருந்த அந்நிலத்தையே புதியதாகக் காண்பான். சுவர் நிலத்தை மறைத்தது காட்டுதற்பொருட்டே. மறைத்தலும் அருளின்பாற்பட்ட தென்று நம் சித்தாந்தம் கூறுவதன் நுட்பத்தை இம்மரச்சுவரிலும் ஒருபுடை யொப்புமையாகக் காணலாம்.

மரம் அழியும் பொருள். அழியாத பொருளுக்கு அழிவதனால் இடமமைத்தல் தகாது, கல்லாலன்றோ அமைத்தல் வேண்டும் என்பது இரண்டாவது தடை. கல்லும் அழிவதே யென்று கூறி இதனை ஒதுக்கிவிடலாமெனினும், அது முழுவிடை யாகாது. சுவிட்சர்லாந்து நாட்டின் மலைப்பகுதியில், சும்விட்டு என்னும் ஊரைச் சார்ந்த ஒரு சிற்றூரிற் பழைய கோயிலொன்று இருந்தது. 1984-இல் மலையினின்று சரிந்த பனித்திரள் அதனை அழித்தது. அதற்கு ஈடாக, பீட்டர் சும்தோர் என்னும் கலைஞர் திட்டஞ் செய்த கோயில் 1988-இல் எழுந்தது. அது மரத்தால் எழுந்தது. அதன் புறச்சுவரை மரச்சில்லுகள் மீன்செதிள்போற் போர்த்துள்ளன. வெயில் மிகும் பக்கத்திற் சில்லுகள் கருகிச் சிவந்தும், வெயில் குறைந்த பக்கத்தில் வெள்ளிபோல் நரைத்தும் முதிர்கின்றன. அக்கோயில் காலத்தை மறைக்கவில்லை. காலத்தைத் தன் மேனியில் ஏற்றுக் காட்டுகின்றது.

நிலைத்தல் வேண்டும் என்னும் விருப்பத்தை உற்று நோக்குவோமாயின், அதன்கண் இருகூறு உண்மை விளங்கும். வழிபாடு நிலைத்தல் வேண்டும் என்பது ஒன்று. என் செயல் நிலைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடத்தலின் பிரித்தறிதல் அரிது. மரத்தாற் கட்டுவோன் இவ்விரண்டனையும் பிரித்தறியும் நிலைக்குத் தள்ளப்படுகின்றான். ஈரம் ஏறாமல் அடிமரத்தை நிலத்தினின்று உயர்த்தவும், மழைநீர் தங்காமல் வழியவும், நீர் புக்க வழிக் காற்றுப் புகுந்து உலர்த்தவும் அவன் வகை செய்தல் வேண்டும். அங்ஙனம் செய்தும், பின்வருவோர் பேணாராயின் அது நில்லாது. ஆகவே, மரக்கோயில் எடுப்போன் பணியை முடித்துவிட்டுச் செல்வோனல்லன். பணியிற் பாதியைப் பின்வருவோர் கையில் ஒப்படைத்துச் செல்வோன். சில்லு ஒன்றினை மாற்றும் சிறுவனும் அக்கோயிலைக் கட்டியோனாகின்றான். அழிவுடைமை ஈண்டுக் குறையன்று. தொண்டு தொடர்தற்கு வாயிலாம் என்க.

மூன்றாவது தடை இவற்றினும் வலியது. பெயர் பெற்ற கலைஞரைக் கொண்டு எடுப்பிக்குங்கால், காண்போர் இறைவனை நாடி வாராது கட்டடத்தை நாடியே வருவர். அங்ஙனமாயின் அது கலைஞன் புகழுக்கும் பொருளளித்தோன் புகழுக்கும் எடுத்த கோயிலாமன்றி இறைவனுக்கு எடுத்ததாமோ என்பது அது. இதனை எழுதுங்கால் என் கை தயங்குகின்றது. காரணத்தைக் கூறிவிடுதல் நேர்மையாகும்.

பல்லாண்டுகட்கு முன்னர் எங்கள் ஊர்ப்புறத்தே, சாலையோரத்தில், அன்பர் ஒருவர் சிறுகோயில் ஒன்று எடுப்பித்தார். நற்பொருள் செலவிட்டார், நன்மனத்தோடும் செலவிட்டார். வாயிலருகே பதித்தற்குரிய கல்லில் வெட்டச் செய்யுள் வேண்டுமென்று என்னை அணுகினார். யான் ஐந்து செய்யுள் யாத்தேன். அவர் குலமும் கொடையும் நான்கு செய்யுளில் வந்தன. இறைவன் திருநாமம் ஐந்தாவதன் முற்பாதியில் வந்தது. பிற்பாதியில் என் பெயர் வந்தது. எதுகையும் மோனையும் நன்கமைந்தன என்று பலர் பாராட்டினர், யானும் மகிழ்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு நண்பகலில் அவ்வழியே நடந்து வந்தபோது, தலைச்சுமையோடு வந்த முதியவள் ஒருத்தி அக்கோயிலின் முன் நின்று, இருபுறமும் நோக்கிவிட்டு, வெயில் காயும் சாலையோரத்தில் மண்மேல் அமர்ந்தாள். அப்பொழுதே கண்டேன். அக்கோயிலில் இருத்தற்குத் திண்ணை யில்லை, நிழலுமில்லை. ஐந்து செய்யுட்கு இடமிருந்தது. ஒருவர் அமர்தற்கு இடமில்லை. திட்டஞ் செய்தபோது அவ்வன்பரும் அதனை நினைக்கவில்லை, கொத்தனும் நினைக்கவில்லை, இலக்கணம் கற்ற யானும் நினைக்கவில்லை.

ஆகவே, புகழ்விருப்பம் மேனாட்டுக் கலைஞர்க்கே உரிய குறையென்று யான் கூற மாட்டேன். யான் எனது என்னும் செருக்குக் கற்களினிடையே மட்டுமன்றிச் சொற்களினிடையேயும் புகும். அதனை அறுத்தல் ஒரு வகையானன்றி இயலாது. வருவோனை நினைத்தலே அவ்வகை. தன்னை மறத்தல் வேண்டுமென்று ஒருவன் முயலுந்தோறும் தன்னையே நினைக்கின்றான். பிறனொருவன் எங்கே அமர்வான், எப்பக்கம் நோக்குவான், வாயிலில் தலை குனிவானோ, உள்ளே இருள் மிகுந்து அஞ்சுவானோ என்று நினைப்போனோ தன்னை மறக்க முயலாமலே மறக்கின்றான். திருநின்றவூர்ப் பூசலார் மனத்தினாற் கோயில் எடுத்த வரலாற்றிற் காடவர்கோன் கற்கோயிலினும் அஃது உயர்ந்ததென்று காட்டப்பட்டமை யாவரும் அறிவர். அன்பு உயர்ந்தது, கல் தாழ்ந்தது என்று அதற்குப் பொருள் கூறி அமைவர் பலர். ஆயின், பூசலார் அன்புணர்ச்சி யொன்றோடு அமைந்தாரல்லர். பொருள் தேடினார், தச்சரைத் தேடினார், நாட்பார்த்து அடிநிலை யிட்டார், கூவலும் குளமும் மதிலும் வகுத்தார். யாவும் மனத்தின்கண்ணே முறைபிறழாமற் செய்தார். திட்டமிடுதலே அவர்க்கு வழிபாடாயிற்று. கட்டியபின் கோயிலில் இருப்பது கட்டுமுன் மனத்தில் இருந்ததே என்பது அதனாற் பெறப்படும்.

இனி நான்காவது தடை: கட்டுவோன் தன்னை மறைத்தலே அறமாயின், கோயிலையும் மறைத்துவிடலாமன்றோ? மரத்தடியில் ஒரு பலகை யிட்டால் வழிப்போக்கன் அமர்வான். சிலுவையும் சுவரும் வேண்டா. நம்பிக்கையில்லாதவனும் இடர்ப்பாடின்றி இருந்து செல்வான் என்பர் சிலர். இக்காலத்தில் இது பலர்க்கும் இனிக்கும் கொள்கை. ஆயினும் இதனை யாம் உடன்படேம். பலகை உடலின் இளைப்பை ஆற்றும். உடலோடு உயிரும் இளைக்கும் என்பதனை அது கூறாது. ஒருவனுக்கு உதவுவோன் தன்னை மறைத்தல் வேண்டும். தான் சுட்டும் பொருளை மறைத்தல் கூடாது. வழிகாட்டிக் கல்லில் நட்டவன் பெயர் இல்லாமலிருத்தல் நன்று. ஊரின் பெயர் இல்லாமலிருப்பின் அது வெறுங் கல்லே யாம். முன்னர்க் கூறிய பாசனது கோயிலிற் சிலுவை உண்டு. அது முகட்டின்மேல் ஏறி நின்று வழியிற் செல்வோரையெல்லாம் விளிக்கவில்லை; உட்புகுந்தோனுக்கே ஒளியாகத் தோன்றுகின்றது. சாளரமோ தன்னையும் காட்டாது, தன்னைக் கட்டினோனையும் காட்டாது, தொலைவிலுள்ள ஊர்க் கோயிலைக் காட்டுகின்றது. முடிவிடம் யானல்லேன், அதோ மக்கள் கூடி வழிபடும் இடம் என்று சொல்லாமற் சொல்லுகின்றது. செல்லுதலும் செல்லாமையும் காண்போன் உரிமை. காட்டுதல் ஒன்றே கட்டுவோன் கடன், காணுதல் வருவோனுடையது. இவ்வெல்லையை அறிந்து நிற்றலே இக்கலையின் அறம்.

அற்றேல், கட்டடத்தைக் காணவே வந்து, படம் எடுத்துக்கொண்டு மீள்வோர்க்கு விடை யாதெனின், அதற்குத் திருமூலர் காட்டிய மரயானை உவமையையே விடையாகக் கூறலாம். யானையென்று காண்போனுக்கு மரம் மறைகின்றது. மரமென்று காண்போனுக்கு யானை மறைகின்றது. தொலைவில் விறகடுக்கென்று கண்டவன் அணுகிக் கோயிலென்று காண்பதும், கோயிலென்று புகுந்தவன் மரத்தின் வரிகளை மட்டும் எண்ணி மீள்வதும் இவ்வுவமையுள் அடங்கும். இரண்டும் ஒரு பொருளே. காண்பவன் பக்குவமே வேறு. கட்டுவோன் பக்குவத்தைத் தரவல்லானல்லன். மரத்தை மரமாக ஒளிவின்றி வைத்தலே அவன் செய்யக்கூடியது.

இதனினும் வியக்கத்தக்க மற்றொன்றும் செருமனியிலேயே உளது. மேற்கூறிய சும்தோர் என்பாரே, வாகெண்டார்பு என்னும் ஊரின் வயல்வெளியில், ஓர் உழவரும் அவர் மனைவியாரும் விரும்பியவாறு, 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கோலாசு என்னும் துறவியின் நினைவாகக் கோயிலொன்று அமைத்தார். அது 2007-இல் முற்றுப்பெற்றது. முதற்கண் 112 அடிமரங்களைக் கூடாரம்போற் சாய்த்து நிறுத்தினர். அவற்றைச் சூழ நாளொன்றுக்கு அரை மீட்டர் உயரமாக, 24 நாள் கான்கிரீட்டினைக் கொட்டி இறுக்கினர். உயரம் 12 மீட்டர் ஆயிற்று. பின்னர் உள்ளே தீ மூட்டி, மூன்று வாரம் கனன்று எரிய விட்டனர். மரங்கள் கருகி நீங்கின. அவற்றின் வடிவும் கருமையும் சுவரில் நின்றன. உச்சி திறந்தே யிருக்கின்றது. மழையும் வெயிலும் உள்ளே விழும். விறகினுள் தீ மறைந்து நிற்றலை இறைவன் மறைந்து நிற்றற்கு உவமையாக நம் பெரியோர் கூறுவர். இக்கோயிலில் மரம் தான் அழிந்து இடம் தந்தது. தாங்கி நின்ற பொருள் தன் வேலை முடிந்ததும் விலகிற்று. விலகியதனாலேயே உள்ளே வெளி யுண்டாயிற்று. எடுப்போர் யாவரும் பெறவேண்டிய பாடம் இதனின் வேறில்லை.

இதுகாறும் கூறியவற்றால் வழியோரச் சிறுகோயில் அமைப்போன் கடப்பாடு ஒருவாறு விளங்கும். அளவிற் சிறிதாக அமைத்தல் வேண்டும். சூழ்ந்த நிலத்தை அது வெல்லுதல் கூடாது. அந்நிலத்தில் விளையும் பொருளாலேயே இயன்றவரை அமைத்தல் வேண்டும். புகுவோன் அமரவும், தனித்திருக்கவும், விரும்பியபோது வெளியேறவும் தக்கதாதல் வேண்டும். பேசவேண்டியதனை ஒருமுறை, தாழ்ந்த குரலிற் பேசுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, தன்னினும் பெரியதொன்றனை நோக்கி ஒரு திறப்பு வைத்தல் வேண்டும். கட்டினோன் பெயர் எங்கே எழுதப்படல் வேண்டும் எனின், எழுதாதிருத்தல் நன்று. பேணுவோர் கையில் அது தானே நிற்கும்.

எங்கள் ஊர்க் கோயில் எடுப்பித்த அன்பர் இப்பொழுது இல்லை. அவர் மைந்தரிடம், வாயிலின் ஒருபுறத்தே ஒரு திண்ணையும், அதன்மேற் சார்ப்பு ஒன்றும் மரத்தால் அமைக்குமாறு வேண்டியுள்ளேன். செய்வதாகக் கூறினார். அதற்கும் செய்யுள் எழுதித் தருவீரோ என்று வினவினார். வேண்டா என்றேன்.